எலும்பு வார்டில் மனநல நர்ஸுக்கு என்ன வேலை?

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த 82 வயதுப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு நாள் சாதுவாகத்தான் இருந்தார். மூன்றாம் நாள் ராத்திரி டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிகிறார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், செத்துப்போன மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், பிடிக்க வந்த நர்ஸின் கையைக் கடிக்கப் பார்க்கிறார். காலையில் வார்டு டாக்டர் கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டுகிறார்: நோயாளி முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறார், மனநலப் பிரிவு வந்து பார்க்கவும். இங்கிலாந்தில் ஓரளவு பெரிய பொது மருத்துவமனையாக இருந்தால், இந்த ஒரு வரிக்குப் பதிலாக வார்டுக்குள் நடந்து வருபவர் பெரும்பாலும் மனநல மருத்துவராக இருக்க மாட்டார். ஒரு நர்ஸ் வருவார்.

அவரை அங்கே சைக்கியாட்ரிக் லியாசன் நர்ஸ் என்கிறார்கள். நம்மூர்க் கம்பெனிகளில் அரசு அலுவலகங்களுக்கு நடையாய் நடப்பதற்கென்றே ஒரு லியாசன் ஆபீசர் இருப்பாரே, அதே சொல்தான். மனநலத் தொடர்புச் செவிலியர் என்று தமிழில் எழுதலாம், ஆனால் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் லியாசன் நர்ஸ் என்றே வைத்துக்கொள்கிறேன். மனநல நர்ஸிங்கையே முதலிலிருந்து படித்துப் பதிவு பெற்றவர் இவர் (பிரிட்டனில் அது ஆரம்பத்திலேயே தனிப் பிரிவு, பொது நர்ஸிங்கை முடித்துவிட்டு அப்புறம் அதில் சேர வேண்டும் என்பதில்லை). ஆனால் இவர் வேலை பார்க்கும் இடம் மனநல மருத்துவமனை இல்லை. சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் ஊரின் மனநல டிரஸ்ட் (அரசு மருத்துவமனைகளை நடத்தும் அமைப்புக்கு அங்கே டிரஸ்ட் என்று பெயர்), கால் தேய நடப்பது வேறொரு டிரஸ்ட்டின் கட்டடத்தில். பல இடங்களில் இரண்டுக்கும் கம்ப்யூட்டர் கூட வேறு வேறு, ஒன்றில் எழுதியது மற்றதில் தெரியாது, இரண்டிலும் தட்ட வேண்டும். இந்த நடுவாந்திர நிலைமைதான் அந்த வேலையின் கஷ்டம், அதன் பலமும் அதுதான் என்பது என் எண்ணம்.

சரி, அந்தப் பெரியவரிடம் வருவோம். வந்த நர்ஸ் நேராகப் படுக்கைக்குப் போவதில்லை, முதலில் சார்ட்டைப் படிக்கிறார். எப்போது ஆரம்பித்தது, புதிதாக என்ன மாத்திரை போட்டார்கள், சிறுநீர் போகிறதா, மலம் கழித்து எத்தனை நாள், சோடியம் எவ்வளவு, காய்ச்சல் உண்டா, வலிக்கு ஒழுங்காக மருந்து கொடுத்தார்களா, வீட்டில் தினமும் குடிப்பவரா, காது மிஷினும் கண்ணாடியும் எங்கே போயின. அப்புறம்தான் அவரிடம் போய் வயது, பிறந்த தேதி, இது எந்த இடம், என்ன வருஷம் என்று கேட்டுவிட்டு, டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்கிறார். 4ஏடி என்று ஒரு சின்ன சோதனை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். முடிவு: இது டெலிரியம். நம் பாட்டிமார் ஜன்னி கண்டு பிதற்றுகிறார் என்று சொன்னார்களே, அதுதான். உடம்பில் எங்கோ ஒரு கோளாறு, அது மூளையைக் கலக்குகிறது, கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். "மனநலப் பிரிவு பார்க்கவும்" என்று அனுப்பிய கேஸை மனநலப் பிரிவு பார்த்துவிட்டு, சிறுநீர்த் தொற்று இருக்கிறதா பாருங்கள், மலச்சிக்கலைக் கவனியுங்கள், இந்த மாத்திரையை நிறுத்த முடியுமா யோசியுங்கள், லாக்கரிலிருந்து காது மிஷினை எடுத்து மாட்டுங்கள் என்று எலும்பு வார்டுக்கே திருப்பி எழுதுகிறது.

இது அபூர்வமான கேஸ் ஒன்றும் இல்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2010-ல் சொன்ன கணக்குப்படி, மருத்துவ வார்டுகளில் படுத்திருப்பவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு டெலிரியம் இருக்கிறது. கத்துகிறவரையாவது எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமே போடாமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பவருக்கும் இதே டெலிரியம் இருக்கலாம். அவருக்கு வரும் ரெஃபரலில் "மனச்சோர்வு போலிருக்கிறது, மாத்திரை ஆரம்பிக்கலாமா" என்று இருக்கும். ஆரம்பித்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம்.

ரெஃபரலில் எழுதியிருக்கும் கேள்வி ஒன்று, வார்டுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறொன்று. காலை வெட்டி எடுத்த சர்க்கரை நோயாளி அழுதுகொண்டே இருக்கிறார், மனச்சோர்வா என்று கேட்டு அனுப்புவார்கள். போய் உட்கார்ந்து பேசினால், கால் போனதற்கு ஒரு மனிதன் அழாமல் என்ன செய்வான் என்பதுதான் பதிலாக இருக்கும், அதோடு அவருக்கு வீட்டு மாடிப்படியை எப்படி ஏறுவது என்ற பயமும் இருக்கும், அதற்கு மனநல மாத்திரை உதவாது, பிசியோதெரபிஸ்டைக் கூப்பிட வேண்டும். இன்னொரு ரெஃபரல், சிகிச்சை வேண்டாம் என்கிறார், முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்று மனநலப் பிரிவு சொல்லவும் என்று வரும். 2005-ஆம் ஆண்டு முடிவெடுக்கும் திறன் குறித்த சட்டத்தின்படி அந்தச் சோதனையைச் செய்ய வேண்டியவர் சிகிச்சையைத் தரப்போகிறவர்தான். சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, மனதில் வைத்திருக்க முடிகிறதா, சாதக பாதகங்களைச் சீர்தூக்க முடிகிறதா, முடிவை ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்க முடிகிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டும், அறுவை சிகிச்சை மருத்துவருக்கு இது தெரியாத வித்தையில்லை. மற்றவருக்கு முட்டாள்தனமாகப் படும் முடிவை எடுக்கும் உரிமையும் ஒருவருக்கு உண்டு என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனாலும் ரெஃபரல் வரும், ஏனென்றால் மறுக்கிற நோயாளியைத் தனியாகச் சமாளிக்க வார்டுக்குப் பயம். லியாசன் நர்ஸ் அந்தப் பயத்துக்குத்தான் வைத்தியம் பார்க்கிறார்: நீங்களே கேளுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்கிறார்.

அவர் பார்க்கும் நோயாளி ஒருவர்தான் என்று நினைத்தால் இந்த வேலையில் பாதி கணக்கில் வராமல் போய்விடும். படுக்கையில் இருப்பவர் ஒரு நோயாளி, அந்த வார்டு இன்னொரு நோயாளி.

இந்த வேலை எப்படி வந்தது என்று பார்த்தால், திட்டம் போட்டு யாரும் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் 1930களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பொது மருத்துவமனைகளுக்குள் மனநலப் பிரிவு தொடங்கப் பணம் கொடுத்தது. கொலராடோவில் இருந்த எட்வர்ட் பில்லிங்ஸ் 1939-ல் லியாசன் சைக்கியாட்ரி என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1960களில் அங்கே சில மருத்துவமனைகளில் நர்ஸுகளும் இந்த வேலைக்குள் வந்தார்கள். பிரிட்டனில் கதை வேறு மாதிரி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1961 வரை தற்கொலை முயற்சி குற்றம். அந்த வருஷம் சட்டம் மாறியது, முயன்று பிழைத்து மருத்துவமனைக்கு வருகிற எல்லோரையும் மனநல மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும் என்று சுகாதார அமைச்சகமும் சொன்னது. சொல்வது சுலபம். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாத்திரைகளை அள்ளி விழுங்கி வருகிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று, பார்க்க மனநல மருத்துவர்கள் போதவில்லை. 1970களில் ஆக்ஸ்ஃபோர்டில் நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் செய்யும் மதிப்பீட்டையும் மருத்துவர்கள் செய்யும் மதிப்பீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நர்ஸுகள் சோடை போகவில்லை. 1984-ல் அரசின் வழிகாட்டுதலே, பயிற்சி பெற்ற நர்ஸும் சமூகப் பணியாளரும் இதைச் செய்யலாம் என்று ஒத்துக்கொண்டது. ஆள் பற்றாக்குறையால் திறந்த கதவு அது, ஆனால் உள்ளே போனவர்கள் திரும்பி வரவில்லை.

ஆனாலும் ரொம்ப காலம் இது ஒவ்வோர் ஊரில் ஒவ்வொரு மாதிரி. ஓரிடத்தில் பகல் வேலை மட்டும், ஓரிடத்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களை வேறு அணி பார்க்கும், ஓரிடத்தில் குடிநோயாளி என்றால் எங்கள் கேஸ் இல்லை என்பார்கள். இதை மாற்றிய முயற்சிகளில் அதிகம் பேசப்படுவது பர்மிங்ஹாமின் சிட்டி மருத்துவமனையில் 2009 டிசம்பரில் ஆரம்பித்தது. பெயர் ரெய்டு! நம்மூரில் ரெய்டு என்றால் வருமான வரித்துறை, அங்கே விரைவு மதிப்பீட்டையும் டிஸ்சார்ஜையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். 16 வயதுக்கு மேல் யாராக இருந்தாலும், மனநோயோ குடியோ மறதியோ எதுவாக இருந்தாலும், ஒரே எண்ணுக்குக் கூப்பிட்டால் போதும். எமர்ஜென்சிக்கு 1 மணி நேரத்தில் வருவார்கள், வார்டுக்கு 24 மணி நேரத்தில். வார்டு ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள் வேலைக்குள் சேர்த்தி. 2011-ல் சென்டர் ஃபார் மென்டல் ஹெல்த் என்ற அமைப்பு கணக்குப் பார்த்தபோது, செலவான ஒவ்வொரு பவுண்டுக்கும் சுமார் 4 பவுண்டு மிச்சம் என்று வந்தது. மிச்சத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? வயதானவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனதிலிருந்து. நாம் மேலே பார்த்த பெரியவர் போன்றவர்கள் பத்து நாள் கூடுதலாகப் படுத்துக் கிடக்காததிலிருந்து.

அந்த 4-க்கு 1 கணக்கு இல்லாவிட்டால் இந்த அணிகள் இவ்வளவு பரவியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். 2012-ல் கிங்ஸ் ஃபண்ட் என்ற சுகாதார ஆய்வு அமைப்பு இன்னொரு கணக்கைப் போட்டது: நாள்பட்ட நோய்களுக்கு பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். செய்யும் செலவில் 12 முதல் 18 சதவீதம், அந்த நோயோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மனநலப் பிரச்சினையால் ஆகிறதாம். அப்புறம் 2016-ல் அரசு ஓர் இலக்கு வைத்தது. 2020-21க்குள் லியாசன் சேவை இல்லாத பொது மருத்துவமனையே இருக்கக்கூடாது, அதில் பாதியாவது கோர் 24 தரத்தை எட்ட வேண்டும். கோர் 24 என்றால் வருஷம் முழுக்க இருபத்துநாலு மணி நேரமும் ஆள். ஏறக்குறைய 500 படுக்கை உள்ள மருத்துவமனைக்கு 2 மனநல நிபுணர்கள், 13 நர்ஸுகள் என்ற அளவில் அந்த அணியை வகுத்திருக்கிறார்கள். ராத்திரி மூன்று மணிக்குக் கூப்பிட்டால் எழுந்து வருபவர் யாராக இருக்கும் என்பது இந்த எண்ணிக்கையிலேயே தெரிகிறது.

ராத்திரி மூன்று மணிக்கு எமர்ஜென்சியில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியில் இருப்பவர்கள் இதைத்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். தற்கொலைக்கு முயன்ற ஒருவரிடம் நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு மார்க் போட்டு, இத்தனைக்கு மேல் வந்தால் அட்மிஷன், குறைந்தால் வீட்டுக்கு, என்று முடிவு செய்வார் என நினைக்கிறோம். ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 2022-ல் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல் அந்த மார்க் பட்டியல்களை வைத்து வருங்காலத்தைக் கணிக்காதே, யாருக்குச் சிகிச்சை யாருக்கு இல்லை என்று முடிவு செய்யாதே என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. காரணம் எளிது. ஆபத்து குறைவு என்று குறிக்கப்படும் கூட்டம் மிகப் பெரியது, அதனால் பின்னால் இறந்துபோகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூட்டத்திலிருந்தே வருகிறார்கள். பட்டியல் நர்ஸுக்குத் தைரியம் தருமே தவிர நோயாளிக்கு ஒன்றும் தராது.

அப்போது என்னதான் செய்கிறார்? ஓர் அறை வேண்டும் முதலில். மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி நடத்தும் அங்கீகாரத் திட்டம் அந்த அறை எப்படி இருக்க வேண்டும் என்றே எழுதி வைத்திருக்கிறது: வெளியேற இரண்டு வழி, தூக்கி வீச முடியாத நாற்காலி, அலாரம், அதே சமயம் போலீஸ் லாக்கப் மாதிரி இருக்கவும் கூடாது. அங்கே உட்கார்ந்து, நேற்றைய நாளை ஆரம்பத்திலிருந்து கேட்கிறார். காலையில் எழுந்ததும் எப்படி இருந்தது, சாப்பிட்டீர்களா, யார் போன் பண்ணினார்கள், எந்த நேரத்தில் அந்த எண்ணம் வந்தது, மாத்திரை ஏற்கெனவே வீட்டில் இருந்ததா போய் வாங்கினீர்களா, முழித்துப் பார்த்தபோது பிழைத்துவிட்டோம் என்று தெரிந்ததும் எப்படி இருந்தது. இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலையும், பதிலுக்கு முன்னால் வரும் மௌனத்தையும் இந்த வேலையில் பழகியவர்கள் ரொம்பக் கவனிப்பார்கள். சாக வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்பார்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்று நம்மில் பலருக்கு ஒரு பயம் உண்டு, ஆய்வுகள் அப்படி எதையும் காட்டவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவருக்கு அது ஓர் இளைப்பாறல்.

ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுகிறார்கள்: எந்த அறிகுறி தெரிந்தால் நிலைமை மோசமாகிறது என்று புரிந்துகொள்வது, அப்போது யாருக்குப் போன் செய்வது, அவர் எடுக்காவிட்டால் யார், வீட்டில் இருக்கும் எதை யாரிடம் கொடுத்து வைப்பது, எங்கே உதவி எண் (நம்மூரில் என்றால் டெலி-மானஸின் 14416). அப்புறம் குடும்ப மருத்துவருக்குக் கடிதம், தேவைப்பட்டால் வீட்டுக்கே வந்து பார்க்கும் நெருக்கடி அணிக்குப் போன், கடன் தொல்லை என்றால் கடன் ஆலோசகர், கணவனிடம் அடி வாங்குகிறவர் என்றால் அதற்கான பாதுகாப்பு ஏற்பாடு. ஆக்ஸ்ஃபோர்டு, மான்செஸ்டர், டெர்பி ஆகிய மூன்று ஊர் மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகச் சேர்த்துவரும் பதிவுகளை அலசியபோது, இந்த மாதிரி உட்கார்ந்து பேசி மதிப்பீடு செய்யப்பட்டவர்கள் மீண்டும் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைவாக இருப்பதும் தெரிந்தது, எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை என்றாலும். கேள்வி கேட்பதே பாதி சிகிச்சை என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு, நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், ஆனால் படிவத்தை நிரப்புவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிகிறது.

எமர்ஜென்சி டாக்டர்களுக்கும் லியாசன் நர்ஸுகளுக்கும் நடுவே ஒரு பழைய சண்டை இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. உடம்பு முழுசாகத் தேறட்டும், அப்புறம் கூப்பிடுங்கள், வருகிறோம் என்பது மனநலப் பக்கத்தின் பழைய பாட்டு. உடம்பில் ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்பது எமர்ஜென்சியின் பாட்டு. இரண்டு பாட்டுக்கும் நடுவே நோயாளி ஸ்ட்ரெச்சரில் எட்டு மணி நேரம் கிடப்பார். 2020-ல் எமர்ஜென்சி மருத்துவம், மனநலம், பொது மருத்துவம், நர்ஸிங் ஆகியவற்றின் ராயல் கல்லூரிகள் சேர்ந்து ஓர் ஒப்பந்த அறிக்கை வெளியிட்டன. "உடல்ரீதியாகத் தகுதி" என்ற அர்த்தத்தில் எழுதப்படும் அந்தச் சொல்லையே பயன்படுத்தாதீர்கள், பேசக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள், இருந்தால் இரண்டு வேலையும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கட்டும் என்றார்கள். டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மனநல நர்ஸ் வந்து பேசலாம். இவ்வளவு சாதாரண விஷயத்துக்கு நான்கு கல்லூரிகள் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது என்றால் அந்தச் சண்டை எவ்வளவு பழசு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் ஒன்றுமில்லை என்ற வாக்கியம் ஆபத்தானதும்கூட. ஏற்கெனவே மனநோய் உள்ளவர் என்று சார்ட்டில் இருந்துவிட்டால், நெஞ்சு வலிக்கிறது என்றால்கூட அது மனப் பிரமையாகப் படும். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 15 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள், அதில் பெரும்பகுதி இதய நோய் போன்ற சாதாரண உடல் நோய்களால். லியாசன் நர்ஸ் வந்து, இல்லை, இது அவருடைய மனநோய் போல இல்லை, ஈசிஜி எடுங்கள் என்று சொல்வது அடிக்கடி நடக்கும், கணக்கில் எங்கும் ஏறாது.

மருந்து விஷயமும் அப்படித்தான். தீவிர மனநோய்க்குத் தரும் குளோசபின் என்ற மாத்திரை சாப்பிடுபவர் அப்பெண்டிக்ஸுக்காக சர்ஜரி வார்டில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி, வெறும் வயிறு, ஆபரேஷன் என்று இரண்டு நாள் மாத்திரை நின்றுபோகிறது. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டால் பழைய அளவை அப்படியே கொடுக்கக்கூடாது, மிகக் குறைந்த அளவிலிருந்து மறுபடி படிப்படியாக ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. சர்ஜரி வார்டு நர்ஸுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அதைவிட வேடிக்கை, அந்த நோயாளி வெளியில் தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பவராக இருந்து, மருத்துவமனைக்குள் பிடிக்க முடியாமல் நிறுத்தினால், அதே அளவு மாத்திரைக்கே ரத்தத்தில் குளோசபின் ஏறிவிடும், ஏனென்றால் சிகரெட் புகை கல்லீரலில் அந்த மருந்தைச் சீக்கிரம் உடைக்க வைத்துக்கொண்டிருந்தது. கடைசியாக எப்போது மாத்திரை போட்டார், கடைசியாக எப்போது சிகரெட் பிடித்தார் என்ற இரண்டு கேள்விகளை யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும். குடிநோயாளிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம், கடைசிக் குடி எப்போது என்ற ஒரு கேள்வி முதல் நாளே விழுந்திருந்தால் மூன்றாம் நாள் கை நடுக்கமும் பிதற்றலும் வந்து வார்டே அல்லோலகல்லோலப்படுவதைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம்.

சட்டத்தில் இந்த நர்ஸுக்கு எவ்வளவு அதிகாரம் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இங்கிலாந்தின் 1983-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் 5(2) என்று ஒரு பிரிவு, உள்நோயாளியைப் பொறுப்பு மருத்துவர் 72 மணி நேரம் வரை வெளியேறாமல் நிறுத்தி வைக்கலாம். 5(4) என்று இன்னொன்று, மனநல நர்ஸே 6 மணி நேரம் நிறுத்தலாம், ஆனால் ஏற்கெனவே மனநோய்க்காக உள்நோயாளியாகச் சிகிச்சை பெறுபவரை மட்டும். எமர்ஜென்சியில் இருப்பவர் உள்நோயாளியே இல்லை, அதனால் இரண்டு பிரிவும் அங்கே செல்லாது. எலும்பு வார்டில் இருப்பவர் எலும்புக்காகப் படுத்திருக்கிறார், அதனால் நர்ஸின் பிரிவு அங்கேயும் செல்லாது. ஆக, கோட்டு மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடக்கும் ஒருவரை நிறுத்த இந்த நர்ஸிடம் பெரும்பாலும் இருப்பது வாய் மட்டும்தான். "போறதுன்னா போங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்ற மாதிரிப் பேச்சு. அதில் தேறியவர்கள்தான் இந்த வேலையில் நிலைக்கிறார்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். எமர்ஜென்சிக்கு 1 மணி நேரம் என்ற கடிகாரம் வந்தபின் அணியின் கவனம் முழுக்க அந்தப் பக்கமே சாய்கிறது, அதைத்தான் மேலே இருப்பவர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். வார்டில் சத்தமில்லாமல் படுத்திருப்பவர் 24 மணி நேரப் பட்டியலில் காத்திருக்கலாம். வார்டு நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எந்தப் பட்டியலிலும் இல்லாததால் ஆள் குறையும்போது முதலில் நிற்பது அதுதான். பணம் மிச்சமானது வார்டில் இருந்த முதியவர்களால், அந்தக் கணக்கைக் காட்டி வாங்கிய ஆட்கள் நிற்பது எமர்ஜென்சியில். மனநல வார்டில் படுக்கை கிடைக்காமல் எமர்ஜென்சியிலேயே ஒரு நாள், இரண்டு நாள் கிடப்பவர்களையும் இவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், மதிப்பீடு எப்போதோ முடிந்துவிட்டது, அனுப்ப இடம்தான் இல்லை. திட்டு வாங்குவது இடம் தராதவர் கிடையாது, எதிரில் நிற்கும் நர்ஸ்.

நம்மூரில் இது எப்படி? பொது மருத்துவமனைக்குள் மனநலப் பிரிவு என்பது இந்தியாவுக்குப் புதிதில்லை, கொல்கத்தாவில் இன்று ஆர்.ஜி. கர் என்று அழைக்கப்படும் மருத்துவக் கல்லூரியில் 1933-லேயே கிரீந்திரசேகர் போஸ் ஆரம்பித்துவிட்டார். இன்று நிம்ஹான்ஸ் ஆகியிருக்கும் பெங்களூரு நிறுவனத்தில் 1950களிலேயே மனநல நர்ஸிங் டிப்ளமோ வந்துவிட்டது. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத் துறையும் இருக்கிறது. ஆனால் விஷம் குடித்துப் பிழைத்தவரின் கேஸ் ஷீட்டில் "சைக்கியாட்ரி ஒப்பீனியன்" என்று எழுதினால் வருவது அநேகமாக மனநலம் படிக்கும் பி.ஜி. டாக்டர், அல்லது நோயாளியையே வீல்சேரில் ஓ.பி.க்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். பார்த்து முடித்து, மாத்திரை எழுதி, ஒப்பீனியன் வாங்கியாயிற்று என்று டிக் அடித்து டிஸ்சார்ஜ். டாக்டரைக் குற்றம் சொல்லவில்லை, அவருக்கு அன்று வெளியில் காத்திருக்கும் வரிசையைப் பார்த்தவர்கள் குற்றம் சொல்ல மாட்டார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309 பிரிவும் 2024 ஜூலையில் போய்விட்டது. சட்டம் வந்துவிட்டது, அந்தக் கடமையைப் படுக்கை அருகே செய்யும் ஆள்தான் தனிப் பதவியாக இன்னும் வரவில்லை.

படித்த நர்ஸுகள் இல்லாமல் இல்லை. மனநல நர்ஸிங்கில் எம்.எஸ்சி. முடித்தவர்கள் இங்கே வருஷா வருஷம் வெளியே வருகிறார்கள், பலர் கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறார்கள், சிலர் விமானம் ஏறி பிரிட்டனுக்குப் போய் இதே லியாசன் வேலையைப் பார்க்கவும் கூடும். இங்கேயே பொது மருத்துவமனையில் இருப்பவர் டியூட்டி சுழற்சியில் இந்த மாதம் சர்ஜரி, அடுத்த மாதம் பிரசவ வார்டு. மனநலப் பிரிவு என்ற பேரே பாதிப் பேரை விரட்டும் என்பது வேறு: சென்னையில் கீழ்ப்பாக்கம், கொழும்புப் பக்கம் அங்கொடை, மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரே வசையாகிவிட்டது. சைக்கியாட்ரி டாக்டர் வருகிறார் என்றதும் எங்க பிள்ளை பைத்தியமா என்று சண்டைக்கு வரும் குடும்பம், தினம் பார்க்கும் சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினால் சண்டைக்கு வராது. நர்ஸ்தான் இதற்குச் சரியான ஆள் என்று நான் நினைப்பதற்கு இங்கே பணத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

பிரிட்டனிலிருந்து அப்படியே தூக்கி வைக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அங்கே நோயாளி தனியாகப் படுத்திருப்பார், வீட்டார் பார்வை நேரத்தில் வந்து போவார்கள், லியாசன் நர்ஸ் போன் போட்டு அவர்களைத் தேட வேண்டும். இங்கே அம்மா, மாமியார், கணவன், சித்தப்பா என்று நாலு பேர் கட்டிலைச் சுற்றி இருபத்துநாலு மணி நேரமும் இருப்பார்கள். பிழைத்த நோயாளியைக் கவனிக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, தனியாக விடாதீர்கள் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் விஷம் குடித்துப் பிழைத்த ஒரு பெண் எதனால் குடித்தாள் என்பதற்கான காரணம் அந்த நாலு பேரில் ஒருவராகவும் இருக்கலாம், அவர் முன்னால் வாய் திறக்க மாட்டாள், வயித்து வலி தாங்காமல் குடித்தேன் என்பாள், கேஸ் ஷீட்டிலும் அதுவே ஏறும். இரண்டு கதவு வைத்த தனி அறையெல்லாம் நம் வார்டில் கிடைக்காது. மாமியாரை எக்ஸ்ரே வாங்கி வரவும், கணவனை மருந்துச் சீட்டோடு கீழேயும், சித்தப்பாவை டீ வாங்கவும் அனுப்பிவிட்டு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காதபடி ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டு, பத்து நிமிஷத்துக்குள் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும்.